சிறுவர் சந்தைக்குப் பித்தளை வில்லை: 180 டோக்கன் அடித்த செய்முறைப் பதிவு

பாடசாலைப் பிள்ளைகள் கடை போடும் சிறுவர் சந்தையில் பொருள்கள் 20, 30, 50 ரூபாவுக்குப் போகும். வாங்க வரும் பெற்றோர் கையில் இருப்பதோ 500, 1000 ரூபாத் தாள். முதல் கால்மணி நேரத்தில் பெட்டியிலிருந்த சில்லறை தீரும். அதன் பிறகு மிச்சக்காசுக்குப் பதிலாக டொபி, இல்லையென்றால் “பிறகு வந்து வாங்குங்கோ”. மட்டக்களப்பு நகரப் பாடசாலை ஒன்றின் சந்தைக்காக மூன்று கடைகள் மிச்சக்காசுக்குப் பதிலாகக் கொடுக்கத் தத்தம் 10 ரூபாப் பெறுமதியான வில்லையை (டோக்கனை) வெளியிட ஏற்பாடாயிற்று. வில்லை அடித்த வேலையும், அதை மீட்டெடுத்த கணக்கும் கீழே.

இதில் புதுமை எதுவுமில்லை. இங்கிலாந்தில் 1648 முதல் 1672 வரை ஊர் ஊராகக் கடைக்காரர்கள் செம்பிலும் பித்தளையிலும் தங்கள் பெயர், தெரு, தொழிற்சின்னம் பொறித்த வில்லைகளை மிச்சக்காசாகக் கொடுத்தார்கள். 1672 இல் அரசே செப்புக் காசு அடிக்கத் தொடங்கியதும் அவை தடுக்கப்பட்டன. 1787 இல் ஆங்கிள்சி தீவின் பாரிஸ் சுரங்கக் கம்பனி மறுபடி தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சதக் காசுகளை மக்கள் பதுக்கியபோது கடைக்காரர்கள் ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் அகல வில்லைகளை அடித்தார்கள். 1864 இல் சட்டம் வந்து அது நின்றது. கொழும்புக் கோப்பி வணிகர்களுக்கும் சொந்த வில்லை இருந்தது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேக்கந்த மில் வில்லை அவற்றில் ஒன்று.

ஏன் அரசுகள் சில்லறையை மட்டும் போதிய அளவு அடிக்கவில்லை என்பது, 200 வில்லை அடித்துப் பார்த்தால் கைக்கே விளங்கும். 10 ரூபா வில்லைக்கும் 100 ரூபா வில்லைக்கும் வெட்டு ஒன்று, சூடு ஒன்று, அடி ஒன்று. பெறுமதி மட்டுந்தான் பத்து மடங்கு. கூலி கொடுத்து அடிக்கும் எந்த நாணய அக்கசாலையும் பெரிய காசைத்தான் முதலில் அடிக்கும். 1797 இல் மத்தியூ போல்டன் நீராவி அச்சியந்திரத்தில் இங்கிலாந்து அரசுக்குச் செப்புக் காசு அடித்த பிறகே அந்தக் கணக்கு மாறத் தொடங்கியது.

அளவும் தகடும்

விட்டம் 19 மில்லிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். 19 என்பது அமெரிக்க உள்நாட்டுப் போர் வில்லையின் அளவு என்பதற்காக எடுத்ததல்ல, அழுத்தக் கணக்கில் வந்தது, அது பின்னால். ஒரு வில்லையின் எடை 2.9 கிராம்.

300 × 400 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு ஒன்று போதும். எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 22 மில்லிமீற்றர் அகலப் பட்டைகளாக நறுக்கினால் 13 பட்டை. பட்டைக்கு 21 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 19 வில்லை, மொத்தம் 247. கழிவு அரைக் கிலோ வரும். அதைப் பழைய பித்தளை எடுப்பவரிடமே கொடுத்துவிடலாம். பட்டை நறுக்கக் கைக்கத்திரி வேண்டாம், தகடு சுருண்டு முறுகிவிடும். வெல்டிங் கடைகளில் இருக்கும் நெம்புகோல் வெட்டியில் நறுக்கினால் பட்டை நேராக நிற்கும்.

வட்டம் வெட்ட ஓர் ஆண் அச்சும் ஒரு பெண் அச்சும் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கப்பட்டன. பெண் அச்சின் துளை 19.00, ஆண் அச்சு 18.88. இடைவெளி பக்கத்துக்கு 0.06 மில்லிமீற்றர், அதாவது தகட்டுத் தடிப்பில் 5 சதவீதம். வில்லை பெண் அச்சின் அளவில்தான் விழும், எனவே குறைக்க வேண்டியது ஆண் அச்சை. கடைபவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் இரண்டையும் 19 என்று கடைந்து தந்துவிடுவார், ஒன்றுக்குள் ஒன்று போகாது. இடைவெளி 0.15 ஐத் தாண்டினால் வெட்டுவாயில் பிசிறு நிற்கும்.

வெட்டுவதற்கான விசை பெரிதல்ல. சுற்றளவு 59.7 × தடிப்பு 1.2 × பித்தளையின் வெட்டு வலிமை ஏறத்தாழ 250 மெகாபஸ்கால் (சதுர மில்லிமீற்றருக்கு 250 நியூட்டன்) என்றால் 18 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 1.8 தொன். மோட்டார் கராச்சில் பெயாரிங் கழற்றும் 20 தொன் ஜக் அழுத்தி இதை மூச்சுவாங்காமல் செய்யும். முதற்பட்டை முழுவதும், 19 வில்லையும், பிறை பிறையாகக் கடிபட்டு விழுந்தது. காரணம், ஆண் அச்சு தலையில் ஆடியது. 10 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் 18.9 துளை போட்டு வழிகாட்டியாக மேலே பூட்டிய பிறகு பிறை விழுவது நின்றது. அதே தகடு பட்டை அச்சோடு சேர்ந்து மேலே எழும்பாமலும் பிடித்துக்கொள்கிறது. பட்டை நுனிகளில் மேலும் 6 போயிற்று.

பிசிறு எடுக்க 5 லீற்றர் பிளாஸ்டிக் கலன்: அரைப்பங்கு வில்லை, இரண்டு கைப்பிடி கழுவிய ஆற்றுமணல், சவர்க்காரத்தூள், மூழ்கும் அளவு தண்ணீர். ஒரு மணி நேரம் உருட்ட வேண்டும். மணல் அருகிலேயே கிடக்கிறதே என்று கல்லடிக் கடற்கரையிலிருந்து அள்ளக்கூடாது. பித்தளைக்கு உப்பு எதிரி. நுண்துளையில் தங்கிய உப்பு இரண்டு கிழமையில் பச்சைப் புள்ளியாக வெளியே வரும். வாவி மணலும் அப்படித்தான்.

சூடு

கடையில் வாங்கும் தகடு அரைக்கடினம். அப்படியே அடித்தால் எழுத்து பாதி ஆழத்தில் நிற்கும். எனவே வில்லைகளைச் சுட்டு இளக்க வேண்டும். மீன் பேணியில் ஆணியால் துளைகள் போட்டு, 25 வில்லை அளவு போட்டு, சிரட்டைக்கரி அடுப்பில் வைத்தல். நிழலில் நின்று பார்க்கும்போது மங்கிய சிவப்பு தெரிந்தவுடன், அதாவது 500 முதல் 550 பாகை செல்சியசில், எடுத்துவிட வேண்டும். வெயிலில் வைத்துப் பார்த்தால் சிவப்பே தெரியாது. “இன்னும் சூடேறவில்லை” என்று ஊதிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பேணி, 24 வில்லை, இப்படித்தான் கெட்டது. மணிகள் பெருத்து மேற்பரப்பு தோடம்பழத் தோல் போலச் சொரசொரத்தது. வெள்ளைப் புகை எழுந்தால் அது துத்தநாகம் எரிவது, மூச்சில் எடுக்கக்கூடாதது. கெட்ட 24 ஐயும் வீசவில்லை. அச்சைச் சரிபார்க்க அவை உதவின.

கருமை போக, 1 லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சிற்றிக் அமிலம், 20 நிமிடம். அது இல்லாவிட்டால் தேசிக்காய்ப்புளி, ஆனால் நேரம் இரட்டிப்பாகும். இதில் இரும்பு இடுக்கி பட்டவுடன் வில்லைகள் இளஞ்சிவப்பாகிவிடும். அமிலத்தில் கரைந்திருந்த செம்பு மேலே படிந்த நிறம் அது. பித்தளையே கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, தேய்த்தால் போகும். பிளாஸ்டிக் கரண்டி பாவித்தால் அந்தத் தேய்ப்பு வேலையும் மிச்சம்.

இந்தப் புளிக் குளியல் புதிய வில்லைக்கு மட்டும். வீட்டில் பழைய கோப்பிக்கால வில்லை கிடைத்தால் புளியோ பிரசோ மினுக்கியோ அதன் பக்கம் போகக்கூடாது. நூறு வருடத் தோல் ஒரு நிமிடத்தில் உரிந்துவிடும்.

மேட்டெழுத்தா, பள்ள எழுத்தா

வேலையில் அதிக நேரத்தைத் தின்றது இந்தக் கேள்விதான். முதலில் சாதாரண நாணயம் போல மேடாக எழும் “10” க்கு அச்சுக் குடையப்பட்டது. ஆழம் 0.3 மில்லிமீற்றர், விளிம்பில் புள்ளி வளையம். மேட்டெழுத்துக்கு வில்லையின் முழு முகமும் ஒரேயடியாக இளகி அச்சின் குழிகளுக்குள் ஏற வேண்டும். 19 மில்லிமீற்றர் வட்டத்தின் பரப்பு 283 சதுர மில்லிமீற்றர். 20 தொன் ஜக் முழுதாகத் தந்தாலும் 196 கிலோநியூட்டன், அதாவது சதுர மில்லிமீற்றருக்கு 690 நியூட்டன். அக்கசாலைகள் பாவிப்பது இதற்கு மிக மேலே. அதனால்தான் விட்டத்தை 19 க்குமேல் கூட்டவே முடியவில்லை. 22 என்று எடுத்திருந்தால் அழுத்தம் 516 ஆக விழுந்திருக்கும்.

690 உம் போதவில்லை. நடுவில் “10” ஓரளவு ஏறியது, விளிம்புப் புள்ளிகள் ஒன்றும் ஏறவில்லை. அழுத்தம் எப்போதும் நடுவில் கூடி விளிம்பில் குறையும், உலோகம் வெளியே ஓட வழி இருப்பதால். வில்லை 19.4 ஆக விரிந்தது. சுற்றிவர வளையம் போட்டு விரிவைத் தடுத்திருக்கலாம், ஆனால் அதற்குள் ஜக்கின் சட்டமே வளையத் தொடங்கியிருந்தது.

பள்ள எழுத்தில் கணக்குத் தலைகீழ். அச்சில் கோடுகள் மட்டும் எழுந்து நிற்கும், அந்தக் கோடுகளின் பரப்பு மட்டும் அமுங்கினால் போதும். 0.8 மில்லிமீற்றர் தடிப்புக் கோட்டில் எழுதிய “10” இன் மொத்தப் பரப்பு 20 சதுர மில்லிமீற்றருக்குள். 800 மெகாபஸ்கால் வேண்டும் என்று வைத்தாலும் 16 கிலோநியூட்டன். 0.25 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தேவையான வேலை 4 யூல். ஒரு கிலோ சுத்தியல் வினாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் இறங்கினால் 4.5 யூல். ஒரே அடி! ஜக்கை கராச்சுக்கே திருப்பி அனுப்பியாயிற்று. பழைய வணிகர்கள் தேய்ந்த காசுகளில் தங்கள் முத்திரையை இலகுவாகக் குத்தியதும் இந்தக் காரணத்தால்தான். பள்ள எழுத்துக்கு இன்னொரு நன்மை: மறுபக்கத்தை அடிக்கும்போது முதற்பக்கம் பட்டடையில் நசுங்கி அழியாது.

முத்திரை உளிகள்

லொறியின் பழைய ஸ்பிரிங் பட்டை, 11 மில்லிமீற்றர் தடிப்பு. செஞ்சூடாக்கிச் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு விட்டால்தான் அரம் பிடிக்கும். 12 மில்லிமீற்றர் அகலம், 90 நீளத்தில் நான்கு துண்டு: ஒன்று “10” க்கு, மூன்று கடைச்சின்னங்களுக்கு. வட்டக் கம்பி வேண்டாம். நீள்சதுரக் கம்பியை அதே வடிவத் துளையுள்ள வழிகாட்டியில் இறக்கினால் எழுத்து சுழன்று சாய்ந்து விழாது.

“0” க்குக் கம்பி முகத்தில் 2.5 மில்லிமீற்றர் துளை 1.5 ஆழத்துக்குப் போட்டு, ஊசி அரத்தால் நீள்வட்டமாக்கி, வெளிப்புறத்தை அராவி வளையமாக விட்டது. உளி முகத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி நிற்க வேண்டும். “1” வெறும் கட்டை. கொக்கியோ அடிக்கோடோ இல்லாத கட்டை கண்ணாடியிலும் அதே கட்டைதான். ஒழுங்கை மட்டும் மாற்றினால் சரி: உளி முகத்தில் 0 இடப்பக்கம், 1 வலப்பக்கம். பத்தைக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணான ௰ என்று போட ஆசை இருந்தது, அழகாகவும் இருந்திருக்கும். ஆனால் நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதன் பெறுமதியைச் சொல்லிக்கொடுத்து முடியுமுன் சந்தை கலைந்துவிடும். “ரூபா” என்ற சொல்லும், நாட்டின் பெயரும், சிங்கமும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டன. இலங்கையில் பணம் வெளியிடும் உரிமை மத்திய வங்கிக்கு மட்டுமே. இந்த வில்லை பாடசாலை வாசலைத் தாண்டினால் வெறும் பித்தளை. 2005 இலிருந்து வந்த பித்தளை முலாமிட்ட ஒரு ரூபா, ஐந்து ரூபாக் குற்றிகளோடு கலந்துவிட்டாலும் காந்தம் பிரித்துத் தரும். அவை உருக்கு, ஒட்டும். இது ஒட்டாது.

கடைச்சின்னத்துக்கு எழுத்தா படமா? ‘ப’ போன்றவற்றைத் தவிர மற்ற எழுத்துகளை இடம் வலம் மாற்றி அராவ வேண்டும், ‘ம’ வும் ‘க’ வும் அராவுபவரின் பொறுமையைச் சோதிக்கும். படத்துக்கு இடம் வலம் கிடையாது. 1660களின் லண்டன் கடைக்காரர்களும் மெழுகுதிரி, சீனிக்கட்டி, விலங்கு என்று படமே போட்டார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று. மரக்கறிக் கடைக்கு மிளகாய், செடிக்கன்றுக் கடைக்கு இலை, பலகாரக் கடைக்கு முதலில் உளுந்து வடை. வடையை அடித்துப் பார்த்தபோது அது இன்னொரு பூச்சியம். கொழுக்கட்டைப் பிறையாக மாற்றி அராவ அரை நாள் போயிற்று.

படத்தை நிரப்பி அராவக்கூடாது. கோட்டுருவமாகத்தான் இருக்க வேண்டும். நிரப்பிய இலை 30 சதுர மில்லிமீற்றரைத் தாண்டி ஒரே அடியில் இறங்காமல் நின்றது.

உறுதியாக்கல்: முகத்திலிருந்து 25 மில்லிமீற்றர் மட்டும் செஞ்சூடாக்கி, காந்தம் ஒட்டாத நிலை வந்து ஒரு கணம் கழித்து, கைச்சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுடவைத்த தேங்காய் எண்ணெயில் செங்குத்தாக இறக்கல். பிறகு முகத்தை மினுக்கி, தண்டைப் பின்னாலிருந்து மெல்லச் சுட்டு, கடும் வைக்கோல் நிறம் (ஏறத்தாழ 240 பாகை) முகத்துக்கு வந்ததும் மறுபடி எண்ணெய். இந்த இரண்டாம் சூட்டைத் தவிர்த்த முதலாவது “10” உளி, நாலாவது அடியில் வளையத்தின் கால்பங்கை உதிர்த்தது. அடிவாங்கும் தலை மென்மையாகவே இருக்கட்டும். அதையும் கடினமாக்கினால் சிதறு கண்ணுக்குப் பறக்கும்.

அடித்தல்

8 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் 19.2 விட்டம், 0.8 ஆழத்தில் ஒரு குழி, வில்லை உட்கார. அதன்மேல் உளித்துளையுள்ள வழிகாட்டி. கீழே நகைப் பட்டறைப் பட்டடை, வேப்பங்குற்றியில் பதித்தது. சீமெந்துத் தரையில் வைத்து அடித்தால் அடி துள்ளும். துள்ளினால் நிழல் “10” ஒன்று பக்கத்தில் விழும். கழிந்த 15 இல் பாதிக்குமேல் இந்த இரட்டை அடிதான். உளியை இடக்கையால் அழுத்திப் பிடித்து ஒரே அடி, உடனே தூக்கல். “போதாது போலிருக்கிறதே” என்று இரண்டாம் அடி கொடுக்க மனம் தூண்டும், கொடுக்கக்கூடாது. 0.3 ஐத் தாண்டிய ஆழம் 1.2 தகட்டின் மறுபக்கத்தில் புடைப்பாகத் தெரியும். எண் அடித்ததும் வில்லை சற்று வளையும், மறுபக்கச் சின்னம் அடிக்கும்போது பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

துளை கடைசியில்தான். முதலில் போட்டால் அடியில் நீள்வட்டமாகிவிடும். மேல் விளிம்பிலிருந்து 1.5 மில்லிமீற்றர் உள்ளே 3 மில்லிமீற்றர் துளை, பத்துப் பத்தாக நூலில் கோக்க. கூரான ட்ரில் பிட் பித்தளையைக் கவ்வி மேலே இழுத்துச் சுழற்றும், விரலை வெட்டும். பிட்டின் இரண்டு வெட்டுவாயையும் சாணைக்கல்லில் ஒரு தடவல் தடவிச் சற்று மொண்ணையாக்கினால் கவ்வாது. வில்லையைக் கையால் பிடிக்காமல் குழித்தகட்டிலேயே வைத்துத் துளைக்க வேண்டும். துளை வாய்களை 6 மில்லிமீற்றர் பிட்டைக் கையால் திருகி மழுக்கியாயிற்று.

கடைசிக் கழுவல் மழைநீரில். கரையோரக் கிணற்று நீர் உவர். தவிட்டில் உருட்டி உலர்த்தி, தேன்மெழுகை மண்ணெண்ணெயில் கரைத்த பசையை மெல்லப் பூசித் துடைத்தது. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பித்தளையில் சிறிது ஈயம் இருக்கலாம். மிஞ்சியது 183. மூன்று மாதிரிக்கு, 180 சந்தைக்கு.

5 ரூபாவுக்குக் காகிதம்

25, 35 ரூபாப் பலகாரங்களுக்கு 5 ரூபாத் துணுக்கு வேண்டியிருந்தது. அதற்காக இன்னொரு முறை பித்தளை அடிக்கவில்லை. 1942 இல் போர்க்காலச் செப்புத் தட்டுப்பாட்டில் இலங்கை அரசு வெளியிட்ட 5 சதத் தாளின் நடுவே துளைக்கோடு இருந்தது. கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறு பாதி 3 சதம். அதே உத்தி: 300 கிராம் மட்டைத் தாளில் 70 × 33 மில்லிமீற்றர் அட்டைகள், ஏ4 தாளுக்கு 27. முழு அட்டை 10, கிழித்த பாதி 5. துளைக்கோடு தையல் மெஷினில், நூலில்லாமல், 16 ஆம் நம்பர் ஊசியில். தையல் நீளம் 3 மில்லிமீற்றர் சரியாக வந்தது. 1.5 இல் சட்டைப் பையிலேயே பிரிந்தது, 4 க்கு மேல் கோணலாகக் கிழிந்தது. தொடரிலக்கத்தை இரண்டு பாதியிலும் எழுத வேண்டும். பலகாரக் கடையின் எண்ணெய்க் கையில் றப்பர் முத்திரை மை கலங்கியது. அந்தக் கடைக்குப் போல்பொயின்ற் பேனாவால் கையெழுத்தே மேல்.

வெளியிட்டதும் மீட்டதும்

கடைக்கு 60 வில்லை. கொடுக்கும் முன்பே ஒவ்வொரு கடையும் 600 ரூபாவைப் போத்தலில் போட்டு ஆசிரியர் மேசையில் வைத்தது. இந்தப் போத்தல் இல்லாவிட்டால் வில்லை வெறும் வாக்குறுதி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் நியூயோர்க்கில் லின்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வில்லைகளை வெளியிட்டார். குதிரை ட்ராம் கம்பனி ஒன்று கட்டணமாகச் சேர்ந்த அவரது வில்லைகளைக் கொண்டுபோய்ப் பணம் கேட்டபோது கைவிரித்தார். அக்கால வில்லைகளில் மீட்பேன் என்ற உறுதிமொழி இல்லாதவை ஏராளம்.

விதி ஒன்றுதான்: எல்லாக் கடையும் எல்லா வில்லையையும் ஏற்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை மேசையில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தாளில் மூன்று நிரல், கடைக்கு ஒன்று. ஒவ்வொரு மாற்றலிலும் எந்தக் கடை எத்தனை மிளகாய், எத்தனை இலை, எத்தனை கொழுக்கட்டை கொண்டுவந்தது என்று கோடு. கன்றுக் கடை ஒன்றரை மணியில் விற்றுத் தீர்த்துச் சாமான் கட்டியதும், மற்றக் கடைப் பிள்ளைகள் இலை வில்லையை வாங்க மறுத்தார்கள். ஆளில்லாத கடையின் காசை யார் வாங்குவது என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. போத்தலைத் தூக்கிக் காட்டியபின்தான் மறுபடி ஓடியது. அடுத்த முறை போத்தலை மேசைக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

சந்தை முடிவில் 180 இல் 166 திரும்பின. ஒரு கிழமை மீட்புக் காலத்தில் மேலும் 9. மீதி 5 வில்லையும் பெரும்பாலும் கொழுக்கட்டை. அந்த 50 ரூபா கடைகளின் இலாபமல்ல, போத்தலிலேயே கிடக்கிறது.

வில்லைகள் பத்துப் பத்தாக நூலில் கோக்கப்பட்டு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு சிறு துணிப்பையில் வறுத்த அரிசியோடு. அரிசியை மாதமொருமுறை மீண்டும் வறுத்துப் போட வேண்டும். உளிகள் கிறீஸ் தடவிய துணியில். “10” உளி அடுத்த சந்தைக்கு வேண்டும். கடைச்சின்ன உளிகள் மூன்றின் முகத்திலும் அரத்தால் ஒரு குறுக்குக் கோடு வெட்டியாயிற்று. இனி யாராவது அதை எடுத்து அடித்தால் இலையின் நடுவே வெட்டுத் தெரியும், போத்தலில் காசு இல்லாத வில்லை அது என்று.